வடக்குச் சுவரில் சாய்த்த பனி

பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவர்களுக்கு நடுப்பகல் சும்மா கிடைக்கும். காலை ஒன்பதேகாலுக்குக் கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டால், பிற்பகல் இரண்டே முக்காலுக்குத்தான் மறுபடி வண்டியைக் கிளப்ப வேண்டும். இடையில் கிடக்கும் ஐந்தரை மணி நேரத்தை மற்ற ஓட்டுநர்கள் தூங்கியோ, சீட்டாடியோ, இன்னொரு வேலை பார்த்தோ கழித்தார்கள். ஸ்டெஃபா ஹுமென்யுக் அந்தக் குளிர்காலம் முழுக்க அதைத் தன் வீட்டு நிலவறையில் கழித்தாள்.

அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. வின்னிபெக் நகரத்தின் வடக்குப் பகுதியில், ரயில் கொட்டடிக்கு அந்தப் பக்கம், அப்பா வாங்கிப்போட்ட வீடு. ஒரு கூடம், ஒரு சமையலறை, ஒரே ஒரு படுக்கையறை, கீழே நிலவறை. அந்த ஒரே படுக்கையறையை நவம்பரில் அண்ணன் ஒரெஸ்டுக்குக் கொடுத்துவிட்டுக் கூடத்துச் சோபாவுக்கு வந்தாள். சோபாவின் நடுவில் ஒரு குழி. காலையில் எழுந்து பேருந்தின் முதல் படியில் கால் வைக்கும்போது இடுப்பு, யாரோ உள்ளே இருந்துகொண்டு திருகுகிற மாதிரி வலிக்கும்.

ஒரெஸ்ட் வடக்கே நிக்கல் சுரங்கத்தில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவர். அறுபத்தாறு வயதில் நுரையீரல் கையை விரித்துவிட்டது. படுக்கையறை மூலையில் பிராணவாயு இயந்திரம் முனகிக்கொண்டே இருக்கும். அதிலிருந்து அவர் மூக்குக்கு நீளமான குழாய். அந்தக் குழாய் கழிவறை வரை எட்டும், சமையலறை மேசை வரை எட்டும், வாசல் கதவு வரை எட்டும். நிலவறைக்கு இறங்கும் வழியில் இரண்டாவது படியோடு நின்றுவிடும். வெளியே போக வேண்டுமென்றால் தோளில் மாட்டிக்கொள்ள ஒரு சின்ன உருளை இருந்தது. அதோடும் அந்தச் செங்குத்துப் படிகளில் இறங்கி ஏற அவருக்கு மூச்சு பத்தாது.

"ரெண்டு மாசம்தான் அண்ணே. கீழ ஒரு ரூம் அடிச்சிட்டா நான் அங்க போயிடுவேன்," என்று நவம்பரில் சொன்னாள்.

"எனக்குச் சோபாவே போதும். நான் பாறை மேல படுத்துத் தூங்கினவன்."

"பாறை மேல படுத்துத்தான் இப்ப மூக்குல குழாய். பேசாம உள்ள போய்ப் படு."

ரெண்டு மாதம் என்றது ஐந்து மாதமானது. ஆள் வைத்துச் செய்ய வழியில்லை. அதனால் ஒவ்வொன்றும் கிடைக்கிறபோது, மலிவாகக் கிடைக்கிற இடத்தில். எங்கோ ஒரு உணவுக் கிடங்கின் குளிர் அறையை இடித்தபோது எடுத்த, சுவரில் ஒட்டினால் குளிரைத் தடுக்கும் நுரைப்பலகைகள் பழைய கட்டடச் சாமான் கடைக்கு வந்திருப்பதாகப் பக்கத்து வீட்டு நெனித்தா துப்புச் சொன்னாள். அவளுடைய வேனின் கூரையில் கயிறு போட்டுக் கட்டி, மூன்று நடையில் கொண்டுவந்து சேர்த்தார்கள். தடித்த, நல்ல பலகைகள். ஆனால் எல்லாவற்றிலும் மீன் வாசம்.

"இதுக்குள்ள படுத்தா உனக்கு ராத்திரி மீன் வந்து போர்வை கேக்கும் அக்கா," என்றாள் நெனித்தா.

நெனித்தா டிமகுலாங்கான் பிலிப்பைன்ஸிலிருந்து வந்து பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது. முதியோர் இல்லமொன்றின் சலவைக்கூடத்தில் மாலை நேர வேலை. அவள் வீட்டில் ஏழு பேர். அவர்களில் கொழுந்தனும் அவன் பெண்டாட்டியும் நிலவறையில் குடியிருந்தார்கள். நிலவறை விஷயத்தில் அந்தத் தெருவில் அவளுக்குத் தெரியாதது இல்லை.

ஸ்டெஃபா சுவர்களைக் கம்பித் தூரிகையால் தேய்த்தாள். நீர் தடுக்கும் பெயிண்ட் என்று வாளியில் விற்றதை இரண்டு கோட்டு அடித்தாள். காய்ந்ததும் பசை தடவிப் பலகைகளை ஒட்டி, இணைப்புகளில் நாடா ஒட்டினாள். கிழக்கு, தெற்கு, மேற்கு என்று வந்து, வடக்குச் சுவர் முடியும்போது பிப்ரவரி நடுப்பகுதி. அன்றைக்குத் தரையில் உட்கார்ந்து, அட்டைப்பெட்டி மேல் ரொட்டியும் பூண்டுத் தொத்திறைச்சியும் வைத்துத் தின்றபோது, கால் சில்லிடவில்லை என்பதைக் கவனித்தாள். இத்தனை வருஷத்தில் அந்தத் தரையில் கால் சில்லிடாமல் அவள் உட்கார்ந்ததில்லை. கட்டில் ஒன்றுதான் பாக்கி என்று நினைத்தாள்.

அந்த மூன்று மாதமும் ஒரெஸ்டும் சும்மா இருக்கவில்லை. குளிர் கொஞ்சம் விட்ட நாட்களில், தங்கை வேலைக்குப் போனதும், சின்ன உருளையைத் தோளில் மாட்டிக்கொண்டு பனிவாரியோடு வெளியே இறங்குவார். ஐந்து முறை வாருவார், கவிழ்த்த வாளி மேல் உட்காருவார், மறுபடி ஐந்து. நடைபாதையில் கிடந்த பனி, கூரையிலிருந்து சரிந்த பனி, எல்லாவற்றையும் கொண்டுபோய் வீட்டின் வடக்குச் சுவரில் சாய்த்து, முதுகுப்பக்கம் தட்டித் தட்டி இறுக்குவார். பழைய குடும்பங்கள் எல்லாம் செய்கிற வேலைதான் அது. முதல் பெரும் பனி விழுந்ததும் ஜன்னல் விளிம்பு வரை சுவரோடு அணைத்துவிட்டால், வடகாற்று வீட்டின் அடியைத் தொடாது. தரை சூடாக இருக்கும், எரிவாயுவும் மிச்சம். அவர்கள் அப்பா அதைத் தச்சுவேலை மாதிரி நூல் பிடித்துச் செய்வார். தெருவே நின்று பார்க்கும்.

"அப்பா சாய்ச்சதை விட உசரம்," என்று ஜனவரியில் ஒருநாள் ஒரெஸ்ட் காட்டினார். மூச்சு வாங்கியது, முகம் சிவந்திருந்தது. "போய் உள்ள தரையில காலை வெச்சுப் பாரு."

"வெச்சேன். நல்லாத்தான் இருக்கு. நீ விழுந்து கிடந்தா யார் தூக்கறது?"

"பனி மேலதானே விழுவேன். மெத்துன்னு இருக்கும்."

அது அவர் கொடுக்கிற வாடகை என்று அவளுக்குப் புரிந்தது.

மார்ச் மூன்றாவது வாரம் வெயில் திடீரென்று ஏறியது. ஒரு புதன்கிழமை நடுப்பகலில் கட்டிலுக்கு அளவெடுக்க இறங்கியவளின் காலுறை நனைந்தது. வடக்குச் சுவரின் அடியிலிருந்து தண்ணீர் ஓசையே இல்லாமல் நாக்கை நீட்டியிருந்தது. நாடாவைப் பிய்த்துப் பலகையை நெம்பினாள். பின்னால் பெயிண்ட் முழுக்கக் கொப்பளம். விரலால் அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சியது. பலகையின் அடியோரத்தில் கறுப்பாகப் புள்ளிகள். ஒவ்வொரு பலகையாக நெம்பி எடுத்து அடுக்கிவிட்டுப் படியில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. கொட்டாவிதான் வந்தது.

மேலிருந்து குழாயின் எல்லையில் நின்றுகொண்டு ஒரெஸ்ட் கேட்டார். "என்ன சத்தம்?"

"ஒண்ணும் இல்ல. பலகைய மாத்தி வைக்கறேன்."

ஆனால் வாசனை படியேறி வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஒரெஸ்டைப் பரிசோதிக்க வந்த தாதி, கோட்டைக் கழற்றும் முன்னாலேயே மூக்கைச் சுருக்கினாள். நல்ல பெண், சுற்றி வளைக்காமல் பேசுகிறவள்.

"ஸ்டெஃபா, பூஞ்சணம் இருக்கிற வீட்ல இவரு இருக்கக்கூடாது. அடுத்த தடவை நெஞ்சுல சளி கட்டிச்சுன்னா ஆஸ்பத்திரியோட போயிடும் கதை. ஒரு முதியோர் இல்லத்துல படுக்கை காலியாகியிருக்கு. ஏப்ரல் முதல் வெள்ளி மத்தியானம் வரைக்கும்தான் வெச்சிருப்பாங்க. ஆமா இல்லைன்னு சொல்லிடுங்க."

"எங்க இருக்கு?"

"ஏரிக்கரைல. அஞ்சு மணி நேரம். நல்ல இடம்."

ஒரெஸ்ட் மேசை விரிப்பின் ரொட்டித் துகள்களை விரல் நுனியால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார். "ஏரியா," என்றார். "பாக்கலாம்ல."

தண்ணீர் என்றாலே ஆகாதவர் அவர். கோடையில் கூடக் காலை நனைக்க மாட்டார். ஸ்டெஃபா மனதுக்குள் கணக்குப் போட்டாள். அஞ்சு மணி நேரம் என்றால் மாதம் ஒரு முறை, குளிர்காலத்தில் அதுவும் இல்லை. ஆனால் அன்றைக்குப் பிற்பகல் பேருந்தை ஓட்டிக்கொண்டு போகும்போது வேறொன்றும் நினைத்தாள். தண்ணீர் நிற்கவே இல்லையென்றால், அது அவள் குற்றம் இல்லை. அவள் செய்யாமல் விட்டது எதுவும் இல்லை. நல்ல இடம், ஏரிக்கரை. அன்றைக்கே தன் படுக்கையில் படுத்துக்கொள்ளலாம். சிவப்பு விளக்கில் நின்றபோது, அந்தப் படுக்கையில் தான் குறுக்காகக் கை காலை நீட்டிக் கிடப்பதைக் கண்ணால் பார்த்தாள். பின்னால் ஒரு காரின் ஹாரன் கேட்டபோதுதான் விளக்கு மாறியிருந்தது தெரிந்தது.

நீர் கசிவு அடைக்கும் கம்பெனியிலிருந்து ஓர் ஆள் இலவசமாகப் பார்த்துச் சொல்வதற்கு வந்தான். பளபளப்பான டார்ச், புதுப் பூட்ஸ். சுவரை இரண்டு இடத்தில் தட்டினான்.

"மொத்த வீடும் தண்ணி குடிக்குதும்மா. நாலு பக்கமும் வெளிய தோண்டி, அடி வரைக்கும் போய், புதுசா பூசி, குழாய் பதிக்கணும். இந்த ஊர்க் களிமண்ணு அப்படி."

அவன் எழுதிக் கொடுத்த தொகை அவள் ஒரு வருஷம் பேருந்து ஓட்டிச் சம்பாதிப்பதற்குச் சற்று அதிகம். தாளை மடித்துக் குளிர்பெட்டி மேல் வைத்தாள்.

நெனித்தா அதை எடுத்துப் படித்துவிட்டுச் சிரித்தாள். "எங்க ஊர்ல புயல் அடிச்சாக் கூரை போகும். தரை இருக்கும். உங்க ஊர்ல கூரை கம்பீரமா நிக்குது, தரை மிதக்குது."

"கிண்டல் பண்ணாம ஏதாவது சொல்லு."

"இவனுக்கு எப்படித் தெரியும் நாலு பக்கமும்னு? பாத்தானா? வடக்குல மட்டும்தானே பலகைய எடுத்திருக்கே." நெனித்தா சமையலறை இழுப்பறையைத் தானே திறந்து ரொட்டி சுற்றும் பிளாஸ்டிக் தாளை எடுத்தாள். "வா கீழ. ஒவ்வொரு சுவத்துலயும் கையகலத்துக்கு இதை ஒட்டு. நாலு ஓரமும் காத்துப் புகாம நாடா போடு. ரெண்டு நாள் விடு. தாளுக்கு வெளிப்பக்கம் வேர்த்திருந்தா ரூமுக்குள்ள இருக்கிற ஈரம். உள்பக்கம், சுவத்தோட ஒட்டின பக்கம் வேர்த்திருந்தா வெளியிலிருந்து வருது. நானும் இப்படித்தான் பாத்தேன்."

மற்ற மூன்று சுவர்களிலும் ஒவ்வொரு பலகையை நெம்பினார்கள். ஈரச் சுவரில் நாடா ஒட்ட மாட்டேன் என்றது. தலை உலர்த்தும் கருவியைக் கொண்டுவந்து அந்த ஓரங்களை மட்டும் காயவைத்து ஒட்டினார்கள். மேலும் கீழுமாக எட்டுச் சதுரங்கள். நெனித்தா வேலைக்குக் கிளம்பும்போது, "ரெண்டு நாளைக்குத் தொடாதே அக்கா. உனக்குத்தான் கை சும்மா இருக்காதே," என்றாள்.

இரண்டு நாள் கழித்து ஸ்டெஃபா டார்ச்சோடு இறங்கினாள். கிழக்கு காய்ந்திருந்தது. தெற்கும் மேற்கும் அப்படியே. வடக்கில் இரண்டு சதுரங்களுக்குப் பின்னாலும் கண்ணாடிக் குண்டு மாதிரித் துளிகள், அதுவும் வடமேற்கு மூலையில் தாளே வயிறு உப்பி நின்றது. மொத்த வீடும் குடிக்கவில்லை. ஒரு சுவர்தான் குடிக்கிறது.

கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய் அந்தச் சுவரின் எதிரில் நின்றாள்.

தெருவில் மற்ற இடங்களில் பனி பாதி போய்விட்டிருந்தது. இங்கே மட்டும், இடுப்புக்கு மேல், அழுக்குச் சாம்பல் நிறத்தில், வீட்டை அணைத்தபடி நின்றது ஒரெஸ்டின் பனிக்கரை. வெயில் பட்ட மேற்புறம் ஓட்டை ஓட்டையாக அரித்து, உள்ளே எங்கோ சொட்டுகிற ஓசை. பனிவாரியின் மரக்காம்பை நடைபாதை ஓரத்து மண்ணில் குத்திப் பார்த்தாள். இரும்பில் குத்தின மாதிரி டங்கென்றது. உறைந்திருந்தது. சுவரோரமாகக் கரையை விலக்கி அங்கே குத்தினாள். காம்பு வெண்ணெயில் இறங்குவது போல ஒரு முழத்துக்கு இறங்கியது. போர்வை மாதிரி பனி மூடியிருந்ததால் அந்த இடத்து மண் மட்டும் உறையவே இல்லை. கரைகிற தண்ணீருக்கு வேறு எங்கும் வாய் திறக்காத மண், சுவரோரத்தில் மட்டும் வாய் திறந்து வைத்திருந்தது.

அவளுக்கு இது தெரியாதா? அம்மா வர்வாரா மார்ச் பிறந்ததும் கரியள்ளும் தட்டையும் துவைக்கும் தகரத் தொட்டியையும் எடுப்பாள். அப்பா ரயில் கொட்டடிக்குப் போயிருப்பார். அண்ணன் விளையாடப் போயிருப்பான். தொட்டியைச் சறுக்குவண்டியில் கட்டி, அம்மா வாரிப் போட, சின்ன ஸ்டெஃபா பின்சந்து வரை இழுத்துக்கொண்டு போய்க் கவிழ்ப்பாள். நான்கைந்து நாள் ஆகும். கை கம்பளி உறைக்குள்ளேயே வீங்கும். நவம்பரில் ஆண்கள் சாய்ப்பதைத் தெருவே பார்த்தது. மார்ச்சில் பெண்கள் வாருவதை யாரும் பார்த்ததில்லை. வீட்டு ஆண்கள் உட்பட.

தெரியும்தான். இந்த மார்ச்சில் தினமும் இரண்டு முறை, காரை நிறுத்தும்போதும் எடுக்கும்போதும், அந்தக் கரை அவள் கண்ணில் பட்டது. நாளைக்கு என்று நினைத்தாள். இடுப்பு வலித்தது. நாளைக்கு என்று நினைத்த நாட்களில் வேறு என்ன நினைத்தாள் என்று இப்போது கிளறிப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

வார ஆரம்பித்தாள். பழைய பிளாஸ்டிக் சறுக்குவண்டியில் ஏற்றி, பின்சந்துக்கு இழுத்து, கவிழ்த்து, திரும்பி. நான்காவது நடையில் பின்கதவு திறந்தது. ஒரெஸ்ட் உருளையைத் தோளில் மாட்டியபடி, செருப்புக் காலோடு நின்றார்.

"என்ன பண்றே? நல்லாத்தானே நிக்குது!"

"உள்ள போ. காலுல பூட்ஸ் இல்ல."

"ஏன் இடிக்கிறேன்னு கேட்டேன்."

அவள் பனிவாரியை ஊன்றிக்கொண்டாள். மூச்சு அவளுக்கும் வாங்கியது. "தண்ணி இதுலேர்ந்துதான் வருது அண்ணே."

அவர் கரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "அப்பா நாப்பது வருஷம் சாய்ச்சாரு."

"ஆமா."

"வீடு முழுகிடலையே. மார்ச்சுல அது தானா வெயில்ல கரைஞ்சு போயிடும்."

"தானாவா?" ஸ்டெஃபாவுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை. "தானா எங்க போச்சு? அம்மா வாரினா. நான் இழுத்தேன். அதோ அந்தச் சந்து வரைக்கும். நீங்க ரெண்டு பேரும் சாயங்காலம் வந்து, பரவாயில்ல இந்த வருஷம் வெயில் ஜாஸ்தின்னு சொல்லிட்டு சூப் குடிச்சீங்க."

ஒரெஸ்ட் வாளியைத் தேடிக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தார்.

"அப்பாவுக்குத் தெரியாதா?"

"கேக்கலையே அவரு. அப்பவும் கொஞ்சம் தண்ணி வரத்தான் செஞ்சுது. கீழ உருளைக்கிழங்கும் பீட்ரூட்டும்தானே கிடந்தது, பலகை போட்டு மேல ஏத்தி வெச்சோம். யாரும் படுக்கலையே அங்க."

"நீ ஏன் எனக்குச் சொல்லல? ஜனவரில காட்டினேனே."

"சொன்னா நிறுத்தியிருப்பே."

"நிறுத்தத்தானேடி சொல்லணும்!"

"நிறுத்திட்டு? நாள் பூரா ஜன்னல்கிட்ட உக்காந்து நான் எப்ப வருவேன்னு பாத்துட்டிருப்பே. அதைப் பாக்கறதுக்கு இது தேவலைன்னு விட்டேன். மார்ச்சுல வாரிக்கலாம்னு நெனச்சேன். வாரல. அவ்வளவுதான்."

அவர் தலையாட்டினார். காலில் செருப்பு நனைந்துகொண்டிருந்தது. "மூணு மாசம் நான் உன் மெத்தைக்குத் தண்ணி ஊத்தியிருக்கேன்," என்றார். பிறகு, "நான் அந்த ஊருக்கே போயிடறேன் ஸ்டெஃபா. நெசமாத்தான் சொல்றேன். தாதிகிட்ட நானே பேசறேன்."

"அந்த வெள்ளிக்கிழமை வரைக்கும் யாரும் யார்கிட்டயும் பேச வேணாம். உள்ள போய் பூட்ஸ் போடு, இல்ல உள்ளயே இரு. எனக்கு ரெண்டே முக்காலுக்கு வண்டி."

பூட்ஸ் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். வாரக் கூடாது என்று அவள் பனிவாரியைத் தரவில்லை. வாளி மேல் உட்கார்ந்து, சறுக்குவண்டி நிரம்பியதும் "போதும், போ" என்று சொல்வது அவர் வேலையானது. அது தேவையில்லாத வேலை. இரண்டு பேருக்கும் அது தெரியும். மூன்றாம் நாள் நெனித்தாவின் கொழுந்தன் வேலைக்குப் போகும் வழியில் ஒரு மணி நேரம் வாரிவிட்டுப் போனான். அவனிடமும் ஒரெஸ்ட் "போதும், போ" என்றார். அவன் நிஜமாகவே போகச் சொல்கிறார் என்று நினைத்துக் கிளம்பப் பார்த்தான்.

கரை முழுதும் போனதும் சுவரின் வெளிப்பக்கம் தெரிந்தது. வடமேற்கு மூலையில், மண்மட்டத்துக்குச் சற்று மேலே தொடங்கி, ஒரு விரிசல் பென்சில் கோடு மாதிரிக் கீழே இறங்கியது. அதற்கு நேர் மேலே கூரைத் தண்ணீர்க் குழாய். அதன் அடித்துண்டு எந்த வருஷமோ உடைந்து போய், வாய் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

"இதுக்கா ஒரு வருஷச் சம்பளம் கேட்டான்?" என்றாள் நெனித்தா.

"மத்ததும் சேர்த்துக் கேட்டான்."

"மத்தது அவன் பூட்ஸுக்கு."

ஈரத்திலேயே இறுகும் சிமெண்டு ஒரு சின்ன வாளி வாங்கினாள். உள்பக்கம் விரிசலை உளியால் கொஞ்சம் அகலப்படுத்தி, கையுறை போட்ட கட்டை விரலால் அழுத்தி அழுத்தி அடைத்தாள். கைக்குள்ளேயே சூடாகி இறுகுகிற சாமான், யோசிக்க நேரம் தராது. இரண்டு முறை பாதியிலேயே கல்லாகிப் போனது. மூன்றாவது முறை உட்கார்ந்தது. கூரைக் குழாய்க்குப் பழைய வடிகால் துண்டு ஒன்றைச் சேர்த்து, வாயை முற்றத்தின் நடுப்பக்கம் கொண்டுபோய் விட்டாள். சுவரோரம் சரிவு போட மண் வெட்டலாமென்றால் முற்றம் இன்னும் உறைந்திருந்தது, அது மே மாதத்து வேலை. அதுவரைக்கும் சுவரோரம் தார்ப்பாயை விரித்து, வெளிப்பக்கம் சரிகிற மாதிரிச் செங்கல் வைத்தாள். கறுப்புப் புள்ளி விழுந்த நான்கு பலகைகளைக் குப்பைக்குக் கொடுத்தாள். கொப்பளித்த பெயிண்டைச் சுரண்டும்போது பாதியில் தூக்கமாக வந்தது. தேவாலயத்தின் கீழ்க்கூடத்தில், வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் உட்கார்ந்து பெரோகிக் கொழுக்கட்டை மடிக்கிற இடத்தில், ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்று இருந்தது. ஒரு வாரத்துக்கு இரவல் கேட்டாள். அவர்கள் கொடுத்தார்கள், இரண்டு வெள்ளிக்கிழமை அவளும் வந்து மடிக்க வேண்டும் என்ற பேச்சோடு. இன்னொரு வேலை.

செவ்வாய்க்கிழமை மழை பெய்தது. புதன்கிழமை வடக்குச் சுவரின் ஓரங்களைக் காயவைத்து, இரண்டு சதுரங்களை மறுபடி ஒட்டினாள்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு வீட்டுக்கு வந்தபோது ஒரெஸ்ட் சமையலறை மேசையில் இருந்தார். முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். தொலைபேசி அவர் எதிரில் இருந்தது. அதன் பக்கத்தில், தாதி எழுதிக் கொடுத்த எண். படுக்கையறைக் கதவு திறந்திருந்தது. கட்டிலில் போர்வை விறைப்பாக மடித்து வைக்கப்பட்டிருந்ததும், கட்டிலடியில் இருந்த பெட்டி இப்போது கட்டில் மேல் இருந்ததும் அவளுக்குத் தெரிந்தது.

"பாத்துட்டு வரேன்," என்றாள்.

"பாரு."

படிகளில் இறங்கினாள். பின்னாலேயே அவர் எழுந்து வருகிற ஓசை. குழாய் தரையில் இழுபடுகிற ஓசை. இரண்டாவது படியில் அது நின்றது.

ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை நிறுத்தினாள். நிலவறை அமைதியானது. மீன் வாசம் கொஞ்சம் இருந்தது, ஈர வாசம் இல்லை. முதல் சதுரத்தின் நாடாவை உரித்துத் தாளைத் திருப்பினாள். விரலால் தடவினாள். மூலையில் இருந்த இரண்டாவதன் மேல் டார்ச்சை அடித்தாள். உரித்தாள். தாளைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

தாளைக் கையில் பிடித்தபடி அங்கேயே நின்றாள். மேலே இருப்பவரால் இறங்கி வர முடியாது. தாளில் என்ன இருக்கிறது என்பதைப் பார்க்க இந்த வீட்டில் அவள் ஒருத்திதான். ஈரம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவர் நம்புவார். கோபப்படக்கூட மாட்டார். பெட்டி தயாராக இருக்கிறது. மேசையில் எண் இருக்கிறது. அவர் இல்லாத வீட்டில் படுக்கை இருக்கும், ஜன்னல் இருக்கும், அந்தப் பிராணவாயு இயந்திரத்தின் முனகல் இருக்காது. அவளுக்கு எவ்வளவு தூக்கம் வந்தது என்பதை அந்த இடத்தில் நின்றபோதுதான் முழுசாக உணர்ந்தாள்.

"என்ன?" என்றார் மேலிருந்து. குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள அவர் பட்ட பாடு கேட்டது.

"காஞ்சிருக்கு," என்றாள்.

மேலே குழாய் படியோரத்தில் உரசியது.

"கேட்டுச்சா? காஞ்சிருக்கு. ரெண்டும்."

"மழை பெஞ்சுதே?"

"பெஞ்சும் காஞ்சிருக்கு. அந்த ஆபீசுக்கு ஃபோன் பண்ணி வேணாம்னு சொல்லிடு. நீயே சொல்லு, எனக்குப் பேசறதுக்குத் தெம்பில்ல. அப்புறம் அந்தப் பெட்டிய எடுத்துக் கீழ வை, பாக்கவே எரிச்சலா இருக்கு."

குழாய் திரும்பி இழுபடுகிற ஓசை. பாதி வழியில் அது நின்றது.

"ஸ்டெஃபா."

"என்ன?"

"நவம்பர்ல மறுபடி சாய்ச்சா, தரைக்கு நல்லதுதானே? மார்ச்சுல எடுத்துடலாம்னு..."

"நவம்பர்ல அந்தச் சுவத்துப் பக்கம் பனிவாரியோட உன்னைப் பாத்தேன்னா, அந்தப் பெட்டியோட நானே உன்னை ஏரில இறக்கிட்டு வந்துடுவேன்."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமெடுத்தது. அது அடங்கும் வரை அவள் தலையைத் தூக்கிக் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு மேலே தொலைபேசிப் பித்தான்கள் ஒவ்வொன்றாக அமுங்குவது கேட்டது.

நெனித்தாவின் கொழுந்தன் கொண்டுவந்து போட்டிருந்த மெத்தை, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் தெற்குச் சுவரோரம் சாய்ந்திருந்தது. ஸ்டெஃபா அதைத் தரையில் சாய்த்தாள். உறையைப் பிரிக்கப் பொறுமையில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள், பன்னிரண்டேகால். கைபேசியில் இரண்டேகாலுக்கு மணி வைத்து, பூட்ஸைக் கழற்றாமலே பிளாஸ்டிக் சரசரக்கப் படுத்தாள். குழி இல்லை. குறுக்காகக் காலை நீட்டினாள். மேலே அவர் யாரிடமோ, தன் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.